பறக்கத், ரெண்டு, மூணு

நாங்கள் வேலை செய்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது அதிகாரியாய் இருக்கிற பர்வீன் மிஸ் போன மாதம் போன் எடுத்தார். பழைய அலுமாரியைத் துப்புரவு செய்தார்களாம். உள்ளே ஆறு கொப்பிகள். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கீறிய நிறமூர்த்தப் படங்கள். நிறமூர்த்தம் என்றால், ஒவ்வொரு உயிரின் பரம்பரைச் சரக்கும் சுற்றி வைத்திருக்கிற நூல்கண்டு. நெல்லுக்கு அது இருபத்துநாலு. கொப்பியில் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இலக்கம் எழுதியிருக்கிறது, ஆனால் எந்தப் படத்திலும் ஒன்று என்ற இலக்கமே இல்லை. அந்த இடத்தில் ‘ப’ என்று ஓர் எழுத்து. பிறகு நேரே இரண்டு.

“காக்கா, இது என்ன குறியீடு? நானும் எல்லாப் புத்தகத்திலயும் தேடிட்டன்” என்றார்.

எந்தப் புத்தகத்திலும் இருக்காது மகள், எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றேன். இப்போது மெசினில் ஓர் இலையைப் போட்டால் அந்த நூல் முழுவதையும் எழுத்தெழுத்தாய் வாசித்துக் கொடுத்துவிடுகிறதாம். வாசித்துப் பார்த்தால் அதில் பெரும்பங்கு ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதுதான் என்று அவர் சொன்னபோது அந்த நாளில் எங்கள் அதிகாரியாய் இருந்த கிரேஸ் மிஸ்ஸின் முகம் எனக்கு வந்தது. அவர் அதைச் சொன்ன காலத்தில் எங்களிடம் இருந்த மெசின் என்னுடைய பெருவிரல்தான்.

நான் மருதமுனை ஆள். வீட்டில் இரண்டு தறி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சம்மாந்துறைப் பக்கம் வயல்காரப் போடியார் ஒருவரின் களவெட்டியில், அதாவது நெற்களத்தில், சூடு அடித்து நெல்லைப் பிரிக்கிற காலங்களில், நெல் அளக்கப் போனேன். எழுபதுகளின் கடைசியில் நிலையத்தில் கூலியாளாய்ச் சேர்ந்தேன். இங்கிலீசு படித்தது மருந்துப் போத்தல் லேபிள்களில். தெரியாத சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு போய் யாரையாவது பிடித்துக் கேட்பேன். இவ்வளவுதான் என் படிப்பு.

கிரேஸ் மிஸ் கல்முனைக்காரி, மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற குடும்பம். வந்த முதல் கிழமையே எங்களை வரிசையாய் நிறுத்தி, ஆளுக்கோர் ஊசியும் நூலும் தந்து கோக்கச் சொன்னார். நின்ற ஆட்கள் சிரித்தார்கள். வீரமுனைத் தங்கராசா, “மிஸ் சட்டை தைக்க ஆள் பாக்கிறா போல” என்று என் காதில் சொன்னான். நான் ஒரே தடவையில் கோத்தேன். அறுந்த பாவிழையை முடிந்து வளர்ந்த கை, நடுங்கவில்லை. அன்றைக்கே என்னை, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுகிற நுணுக்குக்காட்டி இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டியில் நிற்கிற பயிரின் புது வேரை, வெள்ளையாய் நுனி விட்ட வேரை, காலையில் வெட்ட வேண்டும். வெட்டியதை ஐஸ் தண்ணீரில் ஒரு நாள் கிடத்த வேண்டும். ஐஸ் கல்முனை மீன் சந்தையிலிருந்து வரும். மிஸ் அதைப் பிளாஸ்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவார். எங்கள் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் சூரை மீன் வாசம் இருந்தது அதனால்தான். பிறகு சாராயமும் காடியும் கலந்த மருந்தில் ஊறல், அமிலத்தில் ஒரு சிறு குளிப்பு, கடைசியாய்ச் சிவப்புச் சாயம். சாயத்தில் வேர்நுனியைக் கிழிக்கும்போது துருப்பிடித்த பிளேட்டால் கிழிக்க வேண்டும். துரு சேர்ந்தால்தான் நிறம் கறுத்துப் பிடிக்கும். புது பிளேட்டை மழையில் போட்டு வைத்துத் துருப்பிடிக்கச் செய்கிற அரசாங்க உத்தியோகம் வேறு எங்கே உண்டு என்று தங்கராசா கேட்பான். மேலே மெல்லிய கண்ணாடி மூடி, சிலைட்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டிப் புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூட்டுக்கு ஒரு படி கீழே. பிறகு கடதாசி வைத்துப் பெருவிரலால் நேர்கீழாய் ஓர் அழுத்து. விரல் ஒரு மயிரளவு வழுகினாலும் நிறமூர்த்தம் எல்லாம் இழுபட்டுப் போகும்.

மிஸ் எந்த நாளும் பிழை என்று சொன்னதில்லை. வழுகின சிலைட்டைக் கொண்டுபோனால் பார்ப்பார், தருவார், “இன்னொருக்காச் செய்யுங்க லெவ்வை” என்பார். பத்தாவது சிலைட்டுக்கும் அதே குரல்தான். குரல் கொஞ்சம் ஏறினாலாவது கோபம் வருகிறதென்று தெரியும். அது ஏறாது. அதனால்தான் நாங்கள் அவருக்குப் பயந்தோம்.

வரிப்பத்தான்சேனை உதுமான் காக்கா எங்களுடைய சோதனைப் பாத்திகளுக்குத் தன் வயலில் ஓர் ஓரம் தந்தவர். ஒரு போகத்தில் அவருடைய வயலில் அறக்கொட்டி விழுந்தது. தத்துகிற சின்னப் பூச்சி, பயிரின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும். மூன்றே கிழமையில் வட்ட வட்டமாய், அடுப்புச் சட்டி வைத்த இடம்போல வயல் கருகியது. அடுத்த போகமும் அதே கதை. “விதைக்கிறது நான், அறுவடை செய்றது அவங்க” என்று சொல்லிவிட்டு அவர் எங்களிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். இன்னொரு போகம் போனால் வயலை விட்டு மகளோடு போய் இருக்கப் போவதாகவும் சொன்னார். தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னதால் எங்களுக்கு முதலில் உறைக்கவில்லை.

காட்டுக் குளங்களின் ஓரத்தில் ஒரு காட்டு நெல் நிற்கும். அதை அறக்கொட்டி தொடாது. மலைநாட்டில் இருந்த தலைமை நிலையம் அதை நம்முடைய நெல்லோடு சேர்த்து, கருவைக் குழாயில் வளர்த்து, கன்றுகளை எங்களுக்கு அனுப்பியது. கன்று என்றால் கன்று, ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பூத்தது. ஒரு மணிகூடப் பிடிக்கவில்லை, எல்லாம் சப்பி. “பந்தல் போட்டாச்சு, சோறும் ஆக்கியாச்சு, மாப்பிள்ளையத்தான் காணல்ல” என்றான் தங்கராசா.

மிஸ் என்னை நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். நெல் மகரந்தம் செய்கிற நேரத்தில் இருபத்துநாலு நிறமூர்த்தமும் பன்னிரண்டு சோடியாய்ச் சேர வேண்டும். இதில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருபத்துநாலும் தனித்தனியே நின்றன. இரண்டு பக்கத்தாரும் கலியாணத்துக்கு வந்து, கதைக்காமல் நிற்கிற மாதிரி.

ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். வேலை செய்கிற பரம்பரை அலகுகள் இரண்டு நெல்லிலும் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். வித்தியாசம் அவற்றின் இடையில் கிடக்கிற நூலில். அந்த நூலில் ஒரே சின்ன வரி ஆயிரம், பத்தாயிரம் தடவை திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. சிலர் அதைக் குப்பை என்கிறார்கள். காட்டு நெல்லில் அது நம் நெல்லைவிட எவ்வளவோ அதிகம், நிறமூர்த்தமும் பருமன். திரும்ப வருகிற அந்த வரிகள் சும்மா கிடப்பதும் இல்லை, பிரதி எடுத்துக் கூடும், இடம் மாறும், சில வேளை உதிர்ந்தும் போகும் என்றார்.

எனக்கு விளங்கியது. நான் சொன்னேன், மிஸ், இது சாரன் மூட்டுகிற கதை. தறியில் இருந்து இறங்கின துணியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தால்தான் சாரன். தைக்கிறபோது கட்டம் கட்டத்தோடு ஒட்ட வேண்டும். என் வாப்பாவும் சாச்சாவும் ஒரே கட்டத்தில் நெய்து தொடங்கியவர்கள். பிறகு சாச்சா தனித்தறி போட்டார். அவர் ஒரு கட்டத்துக்கு இரண்டு இழை கூட்டினார், வாப்பா ஓர் இழை குறைத்தார். ஒரு கட்டத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முப்பது கட்டம் போனால் நாலு விரல் விலகி நிற்கும். தலைப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் வாப்பாவின் துணியையும் சாச்சாவின் துணியையும் சேர்த்து மூட்ட முடியாது.

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். “ஓம் லெவ்வை. ஒரு இனம் ரெண்டா பிரியிறதுல இதுக்கும் ஒரு பங்கிருக்கலாம். சண்டை பிடிச்சுப் பிரியத் தேவல்ல. தனித்தனியா இருந்து, திரும்பத் திரும்ப வாறது ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரிக் கூடினாக் காணும். பிறகு ஒரு நாள் சந்திச்சா மூட்ட ஏலாது.” பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “இருக்கலாம்” என்று திரும்பவும் சொன்னார். அந்த ‘இருக்கலாம்’ இல்லாமல் அவர் எதையும் முடிக்க மாட்டார்.

அந்த மலட்டுக் கலப்பின் பூவில் நம் நெல்லின் மகரந்தத்தைத் தூவினால் அபூர்வமாய் ஒரு கரு பிடிக்கும், அப்படியே தலைமை நிலையத்தில் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். கடைசியில் எட்டுக் கன்று எங்களிடம் வந்தது. எட்டுச் சட்டியில் வைத்தோம். கூடவே தலைமை நிலையத்தின் கடிதமும் வந்தது. அறக்கொட்டிக்கு நின்றுபிடிக்கிற, சரியாய் இருபத்துநாலு நிறமூர்த்தம் உள்ள ஒரு பயிரைக் காட்டினால் வேலை தொடரும். இல்லாவிட்டால் இந்தப் போகத்தோடு நிறுத்த வேண்டும், மிச்சப் பயிரை எரிக்க வேண்டும். இருபத்தைந்து ஏன் கூடாதென்றால், அது நம் நெல்லின் இருபத்துநாலோடு காட்டு நெல்லின் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சோடி இல்லாத அந்த ஒன்று அடுத்த தலைமுறையில் பெரும்பாலும் தொலைந்துபோகும். அது போனால் எதிர்ப்பும் போய்விடும்.

எட்டையும் வலைக்கூட்டுக்குள் வைத்து அறக்கொட்டியை விட்டோம். ஆறு கருகின. மூன்றாம் சட்டியும் ஏழாம் சட்டியும் பச்சையாய் நின்றன. இனி எண்ணிப் பார்க்க வேண்டியதுதான் என்ற நேரத்தில் ஊரில் குழப்பம், பஸ் ஓடவில்லை. மிஸ் கல்முனையில் மாட்டிக்கொண்டார். எண்ணுகிற வேலை எந்த நாளும் அவருடையது. நுணுக்குக்காட்டியில் பொருத்தின கண்ணாடி வழியே கடதாசியில் விழுகிற உருவத்தைக் கீறி, அவரே இலக்கம் போடுவார். என் வேலை சிலைட்டோடு முடியும். கடிதத்தின் தவணை நெருங்கியது. சம்மாந்துறைக் குளிர்பானக் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து நானே இறங்கினேன்.

மூன்றாம் சட்டியில் ஐந்து கலம், அதாவது ஐந்து உயிரணு, எண்ணினேன். ஐந்திலும் இருபத்துநாலு. ஏழாம் சட்டியில் ஐந்து கலம். ஐந்திலும் இருபத்துமூன்று. ஒரு கலத்தில் வேறாய் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். ஐந்தும் ஒன்றுபோல வந்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. கிரேஸ் மிஸ் இல்லாமலே காரியத்தை முடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. ஏழாம் சட்டியில் நிற்பது ஒன்று குறைந்த ஊனப் பயிர் என்று எழுதினேன். மூன்றாம் சட்டியைப் பத்திரமாய் வைத்தேன். ஏழாம் சட்டிப் பயிரைப் பிடுங்கி எரிக்கச் சொல்லித் தங்கராசாவிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து மிஸ் வந்தார். என் கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மூன்றாம் சட்டியின் குடலையை, அதாவது வெளியே வராத கதிரை, கிள்ளிச் சிலைட் செய்தார். நெடுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு இடம் விட்டார். பன்னிரண்டு சோடி அழகாய் நின்றது. ஒரு மூலையில் ஒன்று தனியாய், பருமனாய், கறுப்பாய்.

இருபத்தைந்து.

என்னுடைய பழைய வேர்ச் சிலைட்டை எடுத்து வைத்தார். “எண்ணிக் காட்டுங்க லெவ்வை. சத்தமா.”

நான் எண்ணினேன். “பறக்கத். ஒண்டு, ரெண்டு, மூணு…” இருபத்துநாலில் முடிந்தது.

“இன்னொருக்கா எண்ணுங்க.”

“பறக்கத். ஒண்டு…”

அங்கே நின்றுவிட்டேன். என் வாயில் இருந்து வந்தது என் காதுக்கு அப்போதுதான் கேட்டது.

எங்கள் பக்கத்துக் களவெட்டிகளில் நெல் அளக்கிற மரைக்காலில் முதலாவதை ஒன்று என்று அளக்கிறவர்கள் குறைவு. தங்கராசாவின் ஆட்கள் லாபம் என்பார்கள், நாங்கள் பறக்கத் என்போம், ஆண்டவன் தருகிற பெருக்கம் என்று அர்த்தம். அடுத்தது இரண்டு. ஆனால் நான் அளந்த போடியார் வேறு மாதிரி. பறக்கத் என்று சொல்லி அளந்த முதல் மரைக்காலை இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிவிடுவார், அது கணக்கில் இல்லை. அடுத்த மரைக்காலில்தான் ஒன்று தொடங்கும். அந்தக் களவெட்டி என் நாக்கில் இருந்தது. பயந்த நேரத்தில், நல்லதாய் வரவேண்டும் என்று நினைத்த நேரத்தில், அது தானாய் வந்துவிட்டது. நுணுக்குக்காட்டியிலும் முதலாவதை ஒதுக்கிவிட்டு எண்ணியிருக்கிறேன். பத்துக் கலத்திலும்.

அப்படியென்றால் மூன்றாம் சட்டிக்கு இருபத்தைந்து. ஏழாம் சட்டிக்குத்தான் இருபத்துநாலு. வேண்டிய பயிரை நான் எரிக்கக் கொடுத்திருக்கிறேன்.

மிஸ்ஸிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. அவர் ஏசவில்லை. கதிரையில் போய் உட்கார்ந்தார், எழும்பினார், திரும்ப உட்கார்ந்தார். மூன்று வருச வேலை அது, எழுதிய கடிதங்கள் எல்லாம் அவர் பேரில். “உதுமான் காக்காக்கு நான் என்ன சொல்ற?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் கேட்டதுபோல இல்லை.

வாசலில் நின்ற தங்கராசா செருமினான். அவன் முகத்தைப் பார்த்தால் களவு பிடிபட்டவன்போல இருந்தது.

“மிஸ், நீங்க ஏசினாலும் பரவால்ல. நான் அத எரிக்கல்ல.”

“என்ன தங்கராசா?”

“குடலை வந்து நிண்டது மிஸ். வயித்தில புள்ளையோட நிக்கிறத நெருப்புல போட என்ட கை போகல்ல. பம்பு வீட்டுக்குப் பின்னால, வாய்க்கால் ஓரத்துல ஊண்டி விட்டன். இவன்ட்ட எரிச்சன் எண்டு பொய் சொன்னன்.”

நாங்கள் மூன்று பேரும் பம்பு வீட்டுக்குப் பின்னால் ஓடினோம். மிஸ் ஓடியதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான், ஒரு கையில் செருப்பு. வாய்க்கால் ஓரத்தில், கொட்டின உமிக் குவியலுக்குப் பக்கத்தில், ஏழு நின்றது. இலை நுனி பழுத்திருந்தது, மாடு ஒரு பக்கத்தைக் கடித்திருந்தது, ஆனால் இரண்டு கதிர் வெளியே வந்திருந்தது. மிஸ் ஒரு பூவின் மகரந்தத்தை அயடீனில் போட்டுப் பார்த்தார். பெரும்பாலானது கறுத்தது. கறுத்தால் உயிர் இருக்கிறது.

அதன் வேரை வெட்டி நான் திரும்பவும் சிலைட் செய்தேன். மிஸ் கீறினார். எண்ணுவதற்கு முன் பென்சிலை என் கையில் தந்தார். இனிமேல் பறக்கத் சொல்ல மாட்டேன் மிஸ் என்றேன்.

“ஏன் சொல்லாம? சொல்லுங்க. ஆனா எழுதுங்க” என்றார். முதலாவதுக்குப் பக்கத்தில் ‘ப’ என்று எழுதச் சொன்னார், அதற்குப் பிறகு வந்த கொப்பிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். “இப்ப அடுத்தது?”

“ரெண்டு.”

“மூணாவது?”

அப்படியே போய் இருபத்துநாலில் நின்றோம். ஐந்து கலத்திலும்.

அந்தப் பயிரின் காய்ந்த இலையையும், காட்டு நெல், மலட்டுக் கலப்பு, மூன்றாம் சட்டி இவற்றின் இலைகளையும் மிஸ் தூரத்தில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அதற்குள் எண்பதுகளின் பிற்பகுதி வந்துவிட்டது. காட்டு நெல்லில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிற அந்த வரியைக் கண்டுபிடிக்கிற முறை ஒன்று அப்போது வந்திருந்தது. எங்கே அந்த வரி இருக்கிறதோ அங்கே பிலிமில் கறுப்புப் பொட்டு விழும். பிலிம் வந்தது. காட்டு நெல்லுக்கு மையைக் கொட்டினதுபோல ஒரு பொட்டு. கலப்புக்கு அதைவிட மங்கல். மூன்றாம் சட்டிக்குச் சின்னதாய் ஒன்று. ஏழாம் சட்டியின் இடம் வெறுமை.

காட்டு நெல்லில் இருந்து ஒன்றுமே வரவில்லையா என்று கேட்டேன். மிஸ் அந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். கூட்டமாய் வருகிற வரி இங்கே கண்ணுக்குப் படும்படி இல்லை, ஆனால் பயிர் அறக்கொட்டிக்கு நிற்கிறது என்றார். அப்படியென்றால் எங்கோ ஓரிடத்தில் கட்டம் கட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. பரிவாரமெல்லாம் வெளியே நிற்க, சின்னத் துண்டு ஒன்று மட்டும் உள்ளே வந்து நம் நெல்லோடு மூட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு இனத்தைப் பிரித்து வைக்கிற அந்த மதிலில் இப்படிக் கதவும் உண்டுபோல என்றேன். “இருக்கலாம் லெவ்வை” என்றார். சிரித்துக்கொண்டு சொன்ன ‘இருக்கலாம்’ அது ஒன்றுதான்.

ஏழாம் சட்டியின் பிள்ளைகளை நம் நெல்லோடு இன்னும் இரண்டு தடவை சேர்த்து, ஒரு பெரும்போகத்தில் உதுமான் காக்காவின் வயலில் ஒரு பாத்தி விதைத்தோம். அந்த முறையும் அறக்கொட்டி வந்தது. பக்கத்துப் பாத்திகளில் வட்டங்கள் விழுந்தன. எங்கள் பாத்தியின் வரம்போடு வட்டம் நின்றது. உதுமான் காக்கா காலையும் மாலையும் வந்து, வரம்பில் குந்தியிருந்து, கணுவடியை விலக்கி விலக்கிப் பார்ப்பார். மகளின் வீட்டுக்குப் போகிற கதையை அவர் பிறகு எடுக்கவில்லை.

சூடு அடித்த அன்றைக்கு அளக்க என்னைத்தான் கூப்பிட்டார். மிஸ் களவெட்டிக்குள் வராமல் வரம்பில், குடையோடு நின்றார். தங்கராசா சாக்குப் பிடித்தான். நான் மரைக்காலை நெல்லில் அமிழ்த்தி எடுத்து, “பறக்கத்” என்றேன்.

உதுமான் காக்கா கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாம் அவருக்குத் தெரியும், தங்கராசா விடாமல் சொல்லியிருந்தான். “லெவ்வை, இது கணக்குக்கு உள்ளயா, வெளியயா?”

களவெட்டியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வரம்பைப் பார்த்தேன். மிஸ் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார், குடை குலுங்கியது.

“உள்ள, காக்கா. ஆனா இத வேற சாக்குல போடுங்க. விதைக்கு.”

தங்கராசா சின்னச் சாக்கொன்றை விரித்தான். அதில் கொட்டிவிட்டு, அடுத்ததை அமிழ்த்தி, “ரெண்டு” என்றேன்.

பர்வீன் மிஸ், அந்தச் சாக்கின் வழி வந்த விதை உங்களுடைய குளிர் அறையில், ஏழு என்று எழுதின டப்பாவில் இருக்கும். அதன் இலையை உங்கள் மெசினில் ஒருக்காப் போட்டு, காட்டுத் துண்டு எந்தக் கட்டத்தில் மூட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. கொப்பியில் ‘ப’ இருக்கிற இடத்தில் ஒன்று என்று வாசியுங்கள். கணக்கு சரியாய் வரும்.